மனுவில் மடித்த தாமரை

நாற்பத்தோராம் எண் வீட்டுக் குழாயில் ஏழு வருடமாக வராத தண்ணீர், நான்கு தெரு தள்ளி ஒரு பெண்மணி காகிதத்தில் தாமரை மடித்து முடித்த செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு வந்தது. குழாயை யாரும் மாற்றவில்லை, நகராட்சியிலிருந்து ஓர் ஆள்கூட எட்டிப் பார்க்கவில்லை. வந்த தண்ணீர் மோட்டார் இல்லாமலே மூன்றாவது மாடிக்கு ஏறி, அங்கே மறந்துபோய்த் திறந்துகிடந்த குழாயில் கொட்டி, படி படியாக இறங்கி வாசலுக்கு வந்த பிறகுதான் வீட்டுக்காரருக்கே விஷயம் தெரிந்தது. அவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஆகவே மணி விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை.

தாமரை மடித்தவளைத் தெருவில் பொத்தானம்மா என்பார்கள். தையல்கடைச் சட்டைகளுக்கு வீட்டிலிருந்தபடியே பொத்தான் தைத்துக் கொடுப்பவள். கணவர் நகராட்சி அலுவலகத்தில் புகார் மனு வாங்கும் எழுத்தர். வாங்கிய மனுக்களை மூன்று வருடம் கட்டிவைத்து, அதன்பின் கழித்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. அந்த மூன்று வருடத்தில் மனுவை வேறு என்ன செய்ய வேண்டும் என்று விதி எதுவும் சொல்லவில்லை. எழுத்தரும் விதியை மீறுகிற ஆள் இல்லை. கழித்த கட்டுகளை மட்டும், பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, வீணாவானேன் என்று வீட்டுக்குக் கொண்டுவருவார். பொத்தானம்மா வாங்கும் வாரப் பத்திரிகையில் 'வீட்டிலேயே செய்யலாம், எளிய காகிதக் கைவேலை' என்று ஒரு பக்கம் வரும். வாரத்துக்கு ஒன்றாகப் பூ, படகு, விசிறி, கொக்கு என்று படம் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்துச் சொல்லித் தருவார்கள். பொத்தான் தைத்துப் பழகிய விரல்கள். நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் மடிப்பு இஸ்திரி போட்டதுபோல நிற்கும். மடிக்குமுன் மனுவை ஒரு வரி விடாமல் படிப்பாள். வீட்டில் பேச ஆள் இல்லாதவள் வேறு என்ன செய்வாள்?

ஆள் இருந்தார், பேச்சுத்தான் இல்லை. எழுத்தர் பேச்சை நிறுத்திப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. சண்டை ஒன்றும் கிடையாது. காலையிலிருந்து மாலைவரை ஊரின் புலம்பலையெல்லாம் கேட்டுவிட்டு வருகிற மனிதருக்கு வீடு வந்து சேரும்போது வாயில் ஒரு எழுத்துத்தான் மிஞ்சியிருந்தது. 'ம்.' அதில் ஏழு வகை உண்டு என்று பொத்தானம்மா கண்டுபிடித்து வைத்திருந்தாள். முதல் வகை, பார்த்தேன். இரண்டாவது, சாப்பாடு போதும். நான்காவது, உன் இஷ்டம். ஏழாவது தூக்கத்தில் வருவது, அதற்கு அர்த்தம் கிடையாது. அவளோ விடுகிற ஆள் இல்லை. பதினாறு வருடமும் அது நல்லாருக்கா, இதை என்ன செய்ய என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். கேட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

கடிகாரக்காரர் நன்றி சொல்ல அலுவலகத்துக்குப் போனார். நன்றியைப் பதிவதற்கு அங்கே ஏடு இல்லாததால் எழுத்தர் அதையும் புகார் ஏட்டில் பதிந்து, 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதி முத்திரை குத்தி, "ம்" என்றார். இதில் திருப்தி அடையாத கடிகாரக்காரர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் அலமாரியில் இருந்த தாமரையைக் கண்டு, கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது என் கையெழுத்தாச்சேம்மா! 'ஐயா, நான்கு வருடமாக'... பாருங்க, இந்த இதழ்ல. எப்ப செஞ்சீங்க இதை?"

"செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி இருக்கும்."

"பதினொன்னேகால்" என்று திருத்தினார் கடிகாரக்காரர்.

அதன்பின் பொத்தானம்மா ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தாள். மடிப்பு சரியாக விழுந்தால் குறை சரியாகத் தீர்ந்தது. மடிப்பு கோணினால் தீர்வும் கோணியது. தெருவிளக்கு எரியவில்லை என்ற மனுவில் விசிறி செய்தபோது ஒரு மடிப்பு தப்பிவிட்டது. விளக்கு எரிந்தது, பகலில் மட்டும். நடுரோட்டுப் பள்ளத்தைப் பற்றிய மனுவில் படகின் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது. பள்ளம் மூடி, பக்கத்திலேயே அதே அளவில் ஒரு மேடு எழுந்தது. பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்ததை நாயாகவே மடித்துப் பொத்தானில் கண் வைத்தாள், காது கிழிந்துவிட்டது. அந்த நாய் அன்றிலிருந்து ஆள் வந்தால் கொட்டாவி விடுகிறது. திருடன் வந்தாலும் அதையேதான் செய்யும். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் திருடனுக்கும் கொட்டாவி தொற்றிக்கொள்வதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

பொத்தானம்மாவுக்கு ஊரைத் திருத்தும் ஆசையெல்லாம் கிடையாது. அவள் கணக்கு வேறு. மனு தீர்ந்தால் கூட்டம் தீரும்; கூட்டம் தீர்ந்தால் இந்த மனுஷனுக்கு வாயில் நாலு வார்த்தை மிஞ்சாதா? "என்னங்க, பழசு வேண்டாம். அன்னன்னைக்கு வர்ற மனுவை அன்னன்னைக்கே கொண்டாங்க" என்றாள். எழுத்தர் நான்காம் வகை 'ம்' ஒன்றைச் சொல்லிவிட்டுக் கொண்டுவந்தார். மூன்று வருடம் கட்டிவைக்கச் சொன்ன விதி, எங்கே கட்டிவைப்பது என்று சொல்லவில்லை. மாலையில் படித்து, காலையில் மடித்து, இரண்டரை வருடம் ஓடியது. சாக்கடைகள் தாமாகவே வளைந்து கொடுத்து ஓடின. தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடுகளில் ரயில் போகும் சத்தம் ஒரு மணி நேரம் தள்ளி, எல்லோரும் எழுந்த பிறகு கேட்டது. வீட்டில் பூவும் கொக்கும் சேர்ந்துபோய் சமையலறைக்கு ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. மனுக்களை விரைந்து தீர்த்ததற்காக மேலதிகாரிக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தன் இரவு பகல் பாராத உழைப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை மனு கொடுக்க ஒரு ஆளும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. முத்திரை மை காய்ந்து வெடித்தது. எழுத்தர் நான்கரைக்கே வீடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொத்தானம்மா தலைவாரி, டீயைக் கையில் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவர் டீயைப் பார்த்தார். "ம்" என்றார். முதல் வகை.

அன்று அவளுக்கு வந்த ஆத்திரத்தில், ஏழு பொத்தான் வைக்க வேண்டிய சட்டைக்குப் பதினோரு பொத்தான் விழுந்தன. பிறகு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தாள். இத்தனை ஆயிரம் மனு படித்தவளுக்கு வாசகம் தேட வேண்டியிருக்கவில்லை. 'ஐயா, எங்கள் வீட்டில் பதினெட்டு வருடங்களுக்கும் மேலாகப் பேச்சு வரவில்லை. ஆரம்பத்தில் தினமும் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆகி, இப்போது அடியோடு நின்றுவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் நன்றாக வருகிறது. சிலர் வீணாகக்கூடக் கொட்டுகிறார்கள். நேரில் வந்து பார்த்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' எழுதியதை அவளே தாமரையாக மடித்தாள். விரலை எடுத்ததும் அது இதழ் இதழாகப் பிரிந்து, எழுதும்போது இருந்தது போலவே தட்டையாகப் படுத்துக்கொண்டது. மூன்று தடவையும் அப்படித்தான். மனுக் கொடுத்தவரே மனுவைத் தீர்த்துக்கொள்ள முடியாது என்பது அவளுக்குப் புரிந்தது; எந்த அலுவலகத்திலும் இல்லாத வழக்கமா இது!

மறுநாள் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போய், ஆளில்லாத வரிசையில் முதல் ஆளாக நின்று, கம்பிக்குள் மனுவை நீட்டினாள். "இதை நீங்கதான் மடிக்கணும். வேற யாரும் மடிச்சா பலிக்காது" என்றாள். எழுத்தர் முழுவதும் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். காய்ந்த மையில் தண்ணீர் விட்டுக் குழைத்து முத்திரை குத்தி, எண் போட்டு, ரசீது கொடுத்தார். மூன்றாம் நாள் தபாலில் பதில் வந்தது. தபால்காரரிடம் அதை வாங்கியவர் எழுத்தர், அதை எழுதியவரும் அவர்தான். வாங்கி, உறையைத் திருப்பிப் பார்த்து, மனைவியிடம் கொடுத்தார். 'தங்கள் மனு கிடைக்கப்பெற்றது. பரிசீலனையில் உள்ளது.'

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு தபாலா? உங்களை என்னதான் செய்யறது?"

"ம்" என்றார் எழுத்தர்.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பொத்தானம்மா எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒரு நாள் துவைக்கப் போட்ட அவர் சட்டையில் பொத்தான் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கையில் பை உப்பியிருந்தது. கைவிட்டால் கசங்கிய காகிதங்கள். மடித்து, தப்பி, பிரித்து, மறுபடி மடித்துத் தப்பிய தாமரைகள். பேன்ட் பையிலும் அதே. மதியச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோகும் துணிப்பையின் அடியில் ஒரு சாக்குக்குக் காணும். எல்லாத் தாமரையும் ஆறாவது மடிப்பில்தான் செத்திருந்தது. நடுவில் பத்திரிகையிலிருந்து கத்தரித்த பக்கம், பார்த்துப் பார்த்து எண்கள் அழிந்துபோய் இருந்தது. பொத்தானம்மா அதையெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுத்தர் குளித்துவிட்டு வந்து, அவளுடைய தையல் மேசையைத் துடைத்து, மனுவை விரித்தார். தடித்த விரல்கள். பொத்தானம்மா தன் கைகள் சும்மா இருக்காது என்று தெரிந்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஐந்து மடிப்பு நன்றாகவே வந்தது. ஆறாவதில் முன்பக்கம் மடிக்க வேண்டியதை மனிதர் பின்பக்கமாக மடித்தார். 'அங்க இல்லைங்க' என்று நாக்கு நுனிவரை வந்ததை, மனுதாரர் குறுக்கிடக் கூடாதே என்று விழுங்கினாள். ஒரு வழியாக முடிந்தது. தாமரை என்று சொல்லலாம், ரொம்ப நல்ல மனசு இருந்தால். ஆனால் பிரியாமல் நின்றது.

எழுத்தர் தொண்டையைச் செருமினார். ஜன்னல் ஓரத்துக் கொக்குகளெல்லாம் அசைந்தன.

"நல்லாருக்கு. கழுத்து தெரியுது" என்றார்.

பொத்தானம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னார்: "பச்சையே போடு. மஞ்சள் சீக்கிரம் அழுக்காயிடும்." அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. பதினெட்டு வருடத்துக்கு முந்தி, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்று, நல்லாருக்கா என்று கேட்டிருந்தாள். அதே மாலையில்தான் ஜன்னலுக்குப் பச்சைத் திரை போடவா, மஞ்சள் போடவா என்றும் கேட்டாள். முடி இப்போது வளர்ந்து, நரைத்து, கொண்டையாகிவிட்டது. திரை நான்கு தடவை மாறிவிட்டது. பின்பக்கமாக மடித்ததால் பேச்சும் பின்னாலிருந்து வந்தது. பழையதை முதலில் தீர்ப்பதுதானே அலுவலக முறை. அவள் கேட்ட ஒன்றைக்கூட அவர் தொலைக்கவில்லை, வரிசைப்படி கட்டி வைத்திருந்தார்.

மறுநாள், அந்தப் பழைய மாலைக்கு மறுநாள் கேட்டதற்கான பதில் வந்தது. "குடைக் கம்பியை நானே சரிபண்றேன், கடைக்குக் குடுக்காதே" என்றார், எப்போதோ தூக்கிப் போட்ட குடையைப் பற்றி. "உங்கக்கா வந்தா நாலு நாள் இருக்கட்டும்" என்றார். அக்கா வந்து, மூன்றாம் நாளே கோபித்துக்கொண்டு போய்ப் பதினெட்டு வருடமாகிறது. பொத்தானம்மா உடனே அக்காவுக்கு எழுதிப்போட்டாள். ஒரு வியாழக்கிழமை அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது, "விழுது. எல்லாம் விழுது" என்றார் எழுத்தர். அவள் ஊசியைக் கீழே வைத்தாள். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேனே, காதுல விழுதா இல்லையா என்று அவள் கத்திய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று வாசல்வரை போய், செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் திரும்பி வந்தவள் அவள்.

வேறு காகிதத்தில் எழுதி, ஆறாவது மடிப்பைச் சரியாக மடிக்கச் சொல்லிப் பாருங்கள் என்று கடிகாரக்காரர் யோசனை சொன்னார். பொத்தானம்மா கேட்கவில்லை. ஒரு நாளுக்கு ஒரு நாள் வீதம் பதில் வருகிறது; இன்று கேட்பதற்கு இன்னும் பதினெட்டு வருடத்தில் வந்துவிடும், அதுவரை இரண்டு பேரும் இருந்தே ஆக வேண்டும், அவ்வளவுதான். அதனால் உப்பு போதுமா என்பது மாதிரிக் கேள்விகளை விட்டுவிட்டாள். அதை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தினமும் காலையில் பொத்தான் டப்பாவைத் திறக்குமுன் யோசித்து ஒரு நல்ல கேள்வியாகக் கேட்கிறாள். நேற்று, "என்னைக் கட்டிக்கிட்டதுல உங்களுக்குச் சந்தோஷம்தானா?" என்று கேட்டாள். எழுத்தர் "ம்" என்றார். அது எட்டாவது வகை, இதுவரை அவள் கேட்டதில்லை. சரி, விவரம் பின்னால் வரும் என்று அவள் டீ போட எழுந்து போனாள்.