பேருக்கு எழுதிய பத்து மா

புத்தி சொல்வதென்றால் மாசிலாமணி வாத்தியாருக்குப் பாயசம் குடிக்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவாலயத்துத் தாழ்வாரத்தில் பாய் விரித்து அவர் நடத்தும் வேத வகுப்புக்குப் பொறையாறிலிருந்துகூட ஆள் வரும். கடனில் முழுகினவன், மாமியாரோடு மல்லுக்கு நிற்கிறவள், குடியை விட முடியாதவன், எல்லோருக்கும் அவரிடம் ஒரு வசனம் இருந்தது. எறும்பைக் காட்டிச் சோம்பேறியைத் திட்டுவார். எடையில் கள்ளத்தனம் செய்கிற கடைக்காரனைப் பேர் சொல்லாமல், ஆனால் ஊருக்கே புரிகிற மாதிரி, கிழி கிழியென்று கிழிப்பார். அவர் பேச்சைக் கேட்டுக் குடியை விட்டவர்களும் உண்டு, பொய் சொல்லக் கூடாது. ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பார்கள். நாம் எட்டித்தான் பார்க்கப் போகிறோம்.

தகப்பன் வைத்துவிட்டுப் போனது ஒரு வேலி நிலம், அதாவது இருபது மா, கிட்டத்தட்ட ஆறே முக்கால் ஏக்கர். அண்ணன் தம்பி இரண்டு பேர். பங்கு பிரிப்பதற்குள் தம்பி காமாலையில் போய்விட்டான். பெண்டாட்டி சுகிர்தத்தையும் ஒரு பெண்குழந்தையையும் விட்டுவிட்டுப் போனான். மொத்த நிலத்தையும் வாத்தியாரே பார்த்துக்கொண்டார். அந்த விளைச்சலை வைத்து மேலே மேலே வாங்கியும் சேர்த்தார். தன் புருஷன் பங்கு எங்கே என்று சுகிர்தம் கேட்கவில்லை. கேட்காததை இவர் ஏன் ஞாபகப்படுத்துவார்? கிறிஸ்துமஸுக்கு ஒரு மூட்டை நெல்லும் ஒரு நூல் புடவையும் அனுப்புவார். அதையும் வண்டியில் ஏற்றி, சுற்றிக்கொண்டு, பெரிய தெரு வழியாகத்தான் அனுப்புவார். "மூத்தார்னா இப்படில்ல இருக்கணும்" என்று ஊர் சொல்லும். அது காதில் விழ அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

அப்போதுதான் சர்க்கார் நில உச்சவரம்பில் கை வைத்தது. முப்பது ஏக்கர் பதினைந்தாகப் போகிறது என்று பேச்சு கிளம்பினதுமே மிராசுதார்கள் நாய்க்குட்டி பேரில் எழுதாத குறையாக நிலத்தைப் பிரித்து எழுத ஆரம்பித்தார்கள். வாத்தியாரும் முந்திக்கொண்டார். கணக்குக்கு மேல் நின்ற பத்து மாவைத் 'தம்பி பாகம்' என்று சுகிர்தம் பேருக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினார். விதவைகளுக்கு மிஷன் கொடுக்கிற சகாயத்துக்கு என்று சொல்லி அவளிடம் கையெழுத்து வாங்கினார். அவள் படித்தவள்தான், ஆனால் மூத்தார் நீட்டுகிற காகிதத்தை யார் உட்கார்ந்து படித்துப் பார்க்கிறார்கள்? பத்திரம் பீரோவுக்குள் போனது. நெல் வழக்கம்போல் அவர் களத்துக்கு வந்தது.

சட்டமும் வந்தது. அடுத்த தை அறுவடை நடந்துகொண்டிருக்கும்போது விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் சர்க்காருக்கு மனுக் கொடுத்துவிட்டார்கள். பத்திரம் பொய், நிலம் வாத்தியாருடையது, எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடு என்று மனு. விசாரணைக்கு நாளும் குறித்தாயிற்று, விடிந்தால் அதிகாரி வருகிறார். சுகிர்தம் 'எனக்கு ஒன்றும் தெரியாதுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிலமும் போச்சு, மானமும் போச்சு. அவளுக்குச் சொல்லிக்கொடுத்து வைக்க வேண்டுமே என்று வாத்தியார் பதறிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. வயல்பக்கம் போயிருக்கிறாள் என்றார்கள்.

கட்டுத் தூக்கிப் போன வயலில் பெண்கள் குனிந்து சிந்துகதிர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கூலிக்காரி காத்தாயிக்குப் பக்கத்தில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுகிர்தமும் பொறுக்கினாள். அதுவும் எங்கே? அந்தப் பத்து மாவில்.

வாத்தியாருக்கு ரத்தம் தலைக்கேறியது. "சுகிர்தம்! நம்ம வீட்டுப் பொம்பள கதிர் பொறுக்குறதா? நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரும் இங்கதான் அத்தான் பொறுக்கிக்கிட்டிருக்காங்க" என்றாள் அவள். அதில் எகத்தாளம் ஏதும் இல்லை. "கிறிஸ்துமஸுக்குக் குடுத்த நெல்லு தீந்துபோச்சு. புள்ளைக்குக் கஞ்சிக்காவது ஆகும்னு வந்தேன். சிந்துன கதிர ஏழைக்கும் விதவைக்கும் விட்டுடணும்னு நீங்கதான கிளாஸ்ல சொன்னீங்க? அந்தத் தைரியத்துல கேக்காம எறங்கிட்டேன். தப்புங்களா?"

காத்தாயி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். வாத்தியாருக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. சுகிர்தத்தை வாய்க்கால் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, பத்திரத்து விஷயத்தைச் சொன்னார். "நாளைக்கு ஆபீசர் கேட்டா இந்தப் பத்து மா என்னுதுதான்னு சொல்லிடும்மா. வேற ஒண்ணும் பேச வேணாம்."

சுகிர்தம் மடியிலிருந்த கதிரையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப என் வயல்லயா நான் கதிர் பொறுக்கினேன்?"

"பேருக்குத்தாம்மா. சும்மா பேருக்கு."

"மாமா வெச்சிட்டுப் போனது ஒரு வேலி. ரெண்டு புள்ளைங்க. ஆளுக்கு எவ்வளவு வரும் அத்தான்?"

முப்பது வருஷம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தார். "பத்து மா" என்றார். அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அப்பறம் ஏன் பேருக்குங்கறீங்க?"

கேட்டுவிட்டு அவள் திரும்பி நடந்தாள். வயலில் இறங்கி விட்ட இடத்திலிருந்து பொறுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு இவள் என்ன சொல்வாளோ என்கிற பயம் ஒரு பக்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாக, அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது. சீ, என்ன மனுஷன் நான் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனால் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுக்கிற அளவுக்கு அந்த வெட்கம் வளரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் சாவடியில் பாதி ஊர் கூடிவிட்டது. அதிகாரி பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "இந்த நெலம் உங்களுதாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. என் வீட்டுக்காரர் பாகம்."

சங்கத்து ஆள் ஒருவன் எழுந்தான். "நேத்து அதே வயல்ல இவங்க கதிர் பொறுக்கினாங்கய்யா. சொந்தக்காரி பொறுக்குவாளா? கேளுங்க."

கூட்டம் சிரித்தது. வாத்தியார் தரையைப் பார்த்தார்.

"பொறுக்கினது நெசம்தாங்க" என்றாள் சுகிர்தம். "என்னுதுன்னு நேத்துதான் தெரியும். இத்தன நாள் வெளச்சல அத்தான் பாத்துக்கிட்டாங்க. இந்த அறுப்புலேர்ந்து என் வீட்டுக்கு வரும்." அவர் பக்கம் திரும்பினாள். "அப்படித்தான அத்தான்?"

அத்தனை தலையும் திரும்பியது. இல்லையென்றால் கூண்டில் ஏற வேண்டும். ஆமென்றால் பத்து மா கையை விட்டுப் போகிறது. "ஆமாங்க" என்றார் வாத்தியார். அதிகாரி இரண்டு வாக்குமூலத்தையும் எழுதிக்கொண்டு, பாகப்பிரிவினை சரி என்று முடித்துவிட்டார்.

"நமக்கு வர வேண்டியது போச்சு" என்று காத்தாயி வெளியே வந்து வெற்றிலையைத் துப்பினாள். "போவட்டும். ஒரு புருசன் இல்லாதவ வயித்துக்குத்தான போவுது."

சாயங்காலமே பத்து மா நெல்லையும் சுகிர்தம் வீட்டில் இறக்கினார் வாத்தியார். இந்த முறை பெரிய தெரு வழியாக வண்டி போகவில்லை. ஆனாலும் சேதி பரவாமல் இருக்குமா? சாவடிக்கு வராதவர்கள் காதில் அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் பிரசங்க பீடத்திலிருந்து, "கேளாமலே விதவையின் பங்கைப் பிரித்துக் கொடுத்த நம் வாத்தியாரைப் போல ஒவ்வொரு குடும்பமும்" என்று ஆரம்பித்துவிட்டார். வாத்தியார் தலை குனிந்தார். பின்வரிசையில் யாரோ, "எவ்வளவு தாழ்மை பாரு" என்றார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சுகிர்தத்தின் தொடையைத் தட்டி, "குடுத்து வெச்சவடி நீ" என்றாள். சுகிர்தம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வாத்தியார் அவளை மறித்தார். "நடந்தத நீ ஏம்மா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"ஏன் அத்தான், உங்களுக்கு வாய் இல்லையா?"

அதற்குள் போதகர் அங்கியோடு இறங்கி வந்து, எல்லோரும் பார்க்கக் கையை நீட்டினார். வாத்தியார் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. "நான் குடுக்கலீங்கய்யா" என்றார். "சட்டத்த ஏமாத்தத்தான் இவ பேர்ல எழுதினேன். தம்பி போன நாள்லேர்ந்து இவ பங்க நான் தின்னுக்கிட்டிருந்தேன். இந்தப் புள்ள என் வயல்ல, இல்ல, அவ வயல்லயே கதிர் பொறுக்குச்சு. மாட்டிக்கிட்டேன், அதனாலதான் குடுத்தேன்."

போதகருக்கு நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வாத்தியார் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நிமிர்ந்து ஒருத்தரையும் பார்க்க முடியாமல் அவர் வெயிலில் அப்படியே நின்றார். கடைசியில் சுகிர்தம்தான் பக்கத்தில் வந்தாள்.

"சரி அத்தான், காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலல்ல? வாங்க, எங்க வீட்டுல புது அரிசி வடிச்சிருக்கேன்."