பச்சை மூடிக்காரர்

எழுபத்திரண்டு மணி நேரமாக மாமா பூனையோடு பேசவில்லை. அந்த நேரத்துக்குள் ஈஸ்ட்கூடத் தட்டில் வெள்ளைப் புள்ளிகளாக முளைத்துவிடும். மாமாவின் கோபம் மட்டும் போட்டது போட்டபடி இருந்தது.

பூனை அவருடைய தங்கை மகள். நடந்தால் சத்தம் வராது, பேசினால் அதைவிட வராது. அதனால் அந்தப் பெயர். படிப்பு முடிந்த கையோடு மாமாவின் சின்னக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். மேல்மாடி ஆய்வுக்கூடம் அவள் ராஜ்யம். கீழே குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிப் பெட்டியில் அடுக்கும் கூடம். நடு மாடியில் மாமாவின் அறை. அங்கே மாமா தொழில் பார்த்தார், அத்தை கணக்குப் பார்த்தாள். கம்பெனி ஓடுவது இரண்டில் எதனால் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

புண் ஆறுவதற்கு மனித உடம்பு தானே ஒரு புரதம் செய்துகொள்கிறது. வளர்ச்சிக் காரணி என்பார்கள். அதற்கான மரபணுவை மனித ரத்தத்திலிருந்து நகலெடுத்து ஈஸ்டுக்குள் நுழைத்துவிட்டால் போதும். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் அந்த அற்ப ஜீவன், யாருக்காக உழைக்கிறோம் என்றே தெரியாமல் மனிதப் புரதத்தைச் செய்து தள்ளும். பூனை நுழைத்தாள். ஈஸ்டும் உழைத்தது. மாமா ஊரெல்லாம் போன் போட்டு, "நாம பண்ணிட்டோம்" என்றார்.

பிறகுதான் மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்துப் பார்த்த முடிவு வந்தது. புத்தகத்தில் சி என்றிருந்த ஓரிடத்தில், இவளுடையதில் டி இருந்தது. ஒரே ஓர் எழுத்து. நகலெடுக்கும்போது எப்போதாவது இப்படி எழுத்து மாறுவதுண்டு. கை சுத்தமாக இருந்தால் மாறாது என்பது மாமாவின் கட்சி.

"உன் கை சரியில்ல. திங்கட்கிழமையிலிருந்து கீழ போய் லேபிள் ஒட்டு. மேல வேற ஆளைப் போடறேன்" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

பூனைக்கு லேபிள் ஒட்டுவதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் அவள் உலகத்தில் பயப்படாமல் நிற்கும் ஒரே இடம் மேல்மாடியிலிருந்த அந்த மேசை. அழுது பார்க்கலாம் என்று நினைத்தாள். நேரம் வீண் என்று விட்டுவிட்டாள். மீதமிருந்த ரத்தத்திலிருந்து புதிதாக மூன்று முறை, தனித்தனியாக நகலெடுத்துப் படிக்க அனுப்பினாள். மூன்றிலும் டி. அப்படியானால் தவறு அவள் கையில் இல்லை. ரத்தத்துக்குச் சொந்தக்காரருக்கே எழுத்து அப்படித்தான்.

அந்தச் சொந்தக்காரர் யார் என்று சொன்னால் விஷயம் முடிந்தது. சொல்லத்தான் முடியாது.

ரத்தம் கொடுத்தது கம்பெனி ஆட்கள் ஐந்து பேர். பக்கத்து கிளினிக் நர்ஸ் வந்து, திரை கட்டி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுத்தாள். பூனை குப்பி பிடித்தாள். ஐந்து குப்பிக்கும் ஐந்து நிற மூடி. எந்த நிறம் யாருடையது என்பது அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். நான்கு பேர் பஞ்சை அழுத்திக்கொண்டு நல்லபடியாக நடந்து போனார்கள். ஒருவர் மட்டும் தன் குப்பி நிறைவதைப் பார்த்துவிட்டு நாற்காலியோடு சாய்ந்தார். அன்று மாலையே மாமா சட்டம் போட்டார்.

"யார் ரத்தம் எதுங்கறது வெளிய வரவே கூடாது. கொடுத்தவங்க அவங்க வாயால சரின்னு சொன்னாலொழிய மூச்சு விடக் கூடாது. இது விஞ்ஞான தர்மம்."

பூனை மூச்சு விடவில்லை. வேலைக்கு எடுத்துக்கொண்டது பச்சை மூடிக் குப்பியை.

நான்காம் நாள் காலை மாமாவின் அறைக்குள் போனாள். அத்தை அலமாரி ஓரத்தில் உட்கார்ந்து கணக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாள் முன்னால் மாமாவின் நெற்றியைப் பதம் பார்த்ததாகப் பேர் வாங்கிய அலமாரி அது. அத்தை கதவு விளிம்பு முழுக்க ரப்பர் ஒட்டி வைத்திருந்தாள்.

"மாமா, மூணு தடவை திரும்பப் பார்த்துட்டேன். அதே எழுத்துதான் வருது."

"மூணு தடவையும் அதே தப்பைப் பண்ணிட்டு, வந்து பெருமையா வேற சொல்றியா?"

அத்தை தலை நிமிராமல் சொன்னாள்: "மூணு தடவையும் ஒரே இடத்துல தப்பு பண்ண தனித் திறமை வேணுங்க. நீங்ககூட இடம் மாத்தி மாத்தித்தான் பண்ணுவீங்க."

"நீ கணக்கைப் பாரு."

"கொடுத்தவருக்கே அப்படித்தான் மாமா" என்றாள் பூனை. "பிறவியிலேயே. அப்பா கொடுத்த நகல்லயும் அதே எழுத்து, அம்மா கொடுத்த நகல்லயும் அதே எழுத்து."

மாமாவுக்குக் கோபம் மறந்து சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பக்கமுமா? அப்பனும் கோணல், ஆத்தாளும் கோணல்! எங்க போய்ப் பிடிச்ச இந்தப் பரம்பரையை? தேடிப் பிடிச்சுக் கல்யாணம் பண்ணியிருப்பாங்க போல!"

பூனையின் பார்வை தானாக மேலே போனது. மாமாவின் தலைக்கு மேல், சுவரில், அவரைப் பெற்றவர்கள் புகைப்படச் சட்டத்துக்குள் தோளோடு தோள் இடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு கேட்டும் அவர்கள் முகம் மாறவில்லை.

"அங்க என்ன பார்வை? பல்லியா?"

"இல்ல மாமா."

"அந்த ஆளோட ஜீனை வெச்சு மருந்து செஞ்சா, ஆறுற புண்ணும் ஆறாம நிக்கும்!"

"நல்லா ஆத்துது மாமா. தட்டுல தோல் செல்லைக் கீறிவிட்டுப் பார்த்தேன். கடையில வாங்கின புரதம் எவ்வளவு நேரத்துல மூடுச்சோ, இதுவும் அவ்வளவு நேரத்துல மூடுச்சு."

மாமா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி. அந்த ஆளை இங்க கூட்டிட்டு வா. என் கண்ணு முன்னால புதுசா ரத்தம் எடு. அதுலயும் டி வந்தா நீ மேலயே இரு. நான் கீழ போய் லேபிள் ஒட்டறேன்."

"என் காதுல விழுந்துச்சு" என்றாள் அத்தை.

"அவர் கையை நீட்ட மாட்டாரு, மாமா."

"ஏனாம்?"

"ஊசின்னா பயம்."

அத்தை பக்கத்தில் இல்லாவிட்டால் மாமா அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார். இருந்தாள். அதனால் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஊசிக்குப் பயமா! ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பளை."

"வெட்கக்கேடு! நம்மகிட்ட வேலை பாக்கறவன்தானே?"

பூனை யோசித்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "தினமும் வராரு, மாமா. வேலை பாக்கறாரான்னு உறுதியா சொல்ல முடியாது."

அத்தையின் விரல் கணக்கு மெஷினில் நின்றது. முதல் முறையாக நிமிர்ந்து பூனையைப் பார்த்தாள்.

"யாரு அவன்? சொல்லு!"

"சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, மாமா."

"நான் போட்ட சட்டம். நானே எடுத்துட்டேன்."

"அது பத்தாது. கொடுத்தவரே வாயால சரின்னு சொல்லணும்."

"அடடா, அவன் வாய்க்கும் சேர்த்து நானே சொல்றேன். சரி! சரி! சரி! போதுமா?"

"போதும் மாமா" என்றாள் பூனை. "அத்தை, நீங்க கேட்டீங்கதானே?"

"மூணு சரி" என்றாள் அத்தை.

பூனை கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலம் பஞ்சையும், பிரிக்காத ஊசி ஒன்றையும், பச்சை மூடி போட்ட காலிக் குப்பி ஒன்றையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். கதவைத் திறந்தாள். வெளியே பெஞ்சில் அதுவரை கைப்பையை மடியில் வைத்துக் காத்திருந்த நர்ஸ் எழுந்து உள்ளே வந்து, மாமாவைப் பார்த்து, பழகியவள்போல் சிரித்தாள்.

"இந்தத் தடவை படுத்துக்கலாம் சார்."

மாமாவின் கை தானாக நெற்றிக்குப் போனது. முகம் பஞ்சு நிறத்துக்கு வந்துவிட்டது. அத்தை அவர் நெற்றியைப் பார்த்தாள். ரப்பர் ஒட்டிய கதவைப் பார்த்தாள். மறுபடி நெற்றியைப் பார்த்தாள்.

"ஏங்க... அப்போ இந்தக் கதவு?"

மாமா பூனையைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தார். ஆனால் மூன்று சரி சொன்னது சொன்னதுதான். பூனை தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அவள் குரல் கீழே லேபிள் ஒட்டுகிறவர்களுக்குக்கூடக் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"கதவு மேல தப்பே இல்ல, அத்தை. பச்சை மூடி மாமாவோடது. அன்னிக்கு ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்து நெற்றியை இடிச்சுக்கிட்டது மாமாதான்."