சிலுவையில் ஏறப்போகிறவரின் வயிறு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கக்கூஸ் வாசலில் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையம். உள்ளே போனவர் வெளியே வருவதற்காகக் காத்து நின்றேன். வந்தவர் எமில்ராஜ். குருநகர்ப் பக்கம் ஓட்டோ ஓடுகிறவர். என்னை அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீங்கள் கதை எழுதிற ஆள்தானே? என்ரை கதையை எழுதுங்கோ. ஆனா கக்கூஸ் எண்ட சொல்லு அதிலை வரக்கூடாது."

ஓம் என்றேன். மேலே பாருங்கள், முதல் வரியிலேயே வந்துவிட்டது. வயிற்றைப் பற்றிய கதையை மல்லிகைப்பூ வாசத்தோடு எழுத எனக்குத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: "கடற்காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்த அந்த மாலையில், எமில்ராஜின் மனதில் ஏதோ ஒன்று"

[நிறுத்தினேன். மனதில் ஒன்றுமில்லை. எல்லாம் அதற்கு ஒரு சாண் கீழே.]

இரண்டாம் தொடக்கம். இதை வைத்துக்கொள்கிறேன்: யாழ்ப்பாணத்தில் எந்தக் கடைக்குப் பின்னால் கக்கூஸ் இருக்கிறது, அதன் திறப்பு எந்த ஆணியில் தொங்குகிறது என்பதெல்லாம் எமில்ராஜுக்குத் தெரியும். கொடிகாமம் வரை போகவேண்டும் என்று யாராவது ஓட்டோ கேட்டால் தலையிடி என்று சொல்லிவிடுவார். அவ்வளவு தூரம் அவருடைய குடல் உத்தரவாதம் தராது.

குழாய் விட்டுப் பார்த்த டாக்குத்தர், புண்ணுமில்லை, கட்டியுமில்லை என்றார். ஐ.பி.எஸ். என்கிற குடல் எரிச்சல் நோய். குடல் நல்ல குடல்தான், ஆனால் தொட்டதற்கெல்லாம் கோபிக்கிற சாதி. "வெங்காயம், உள்ளி, பருப்பு, பயறு, பால், கோதுமை மா, எல்லாத்தையும் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுங்கோ. பிறகு ஒவ்வொண்டாச் சேர்த்து, ஆர் குழப்படிகாரன் எண்டு பிடிப்பம்."

(அடிக்குறிப்பு, அடிவரை பொறுமையில்லாததால் இங்கேயே: இது கதை. உங்கள் வயிற்றுக்கு உங்கள் டாக்குத்தரைப் பாருங்கள். என்னை நம்பிப் பருப்பை விட்டுவிட்டுப் பிறகு வந்து ஏசக்கூடாது.)

மனைவி பெர்னடெட் அன்றைக்கே சமையலை மாற்றினார். உள்ளிப் பூண்டை எண்ணெயில் போட்டு வாசம் ஏறியதும் உள்ளியை எறிந்துவிட்டு எண்ணெயை மட்டும் எடுத்தார். வெங்காயத்துக்குப் பதிலாக வெங்காயத் தாளின் பச்சைப் பகுதி. சோறு, மீன், கரட்.

"இதென்னப்பா, நோயாளிச் சாப்பாடு."

"நோயாளிதானே. சாப்பிடுங்கோ."

குடல் அடங்கியது.

3

இதோடு முடித்தால் இது சுகாதாரத் துண்டுப்பிரசுரம். ஆனால் அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்.

பங்குக் கோயிலில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுகிறார்கள். போன முறை இயேசுவாக நடித்தவர் இப்போது கனடாவில் பெட்டி அடுக்குகிறார். பல வருடமாக ஓரத்தில் ஈட்டி பிடித்துக்கொண்டு நின்ற உரோமைச் சிப்பாய் எமில்ராஜுக்கு அந்த இடம் கிடைத்தது. வாழ்க்கையில் அவர் வாய்விட்டுக் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். சிலுவையில் இருபது நிமிடம் தொங்கவேண்டும், இரண்டு கையும் கட்டியிருக்கும். அந்த இருபது நிமிடம் வயிறு பேசாமல் இருக்கவேண்டும். இதைவிடப் பெரிதாக எதையும் இந்தக் கதையில் தேடாதீர்கள்.

ஒத்திகை முடிந்தால் எல்லாரும் ஒரே பானையில் ஒடியல் கூழ் குடிப்பார்கள். நண்டு, றால், பலாக்கொட்டை, பயித்தங்காய், செத்தல் மிளகாய் எல்லாம் பனங்கிழங்கு மாவோடு ஒன்றாகக் கொதிக்கிற கூழ். அதற்குள் எந்தக் குழப்படிகாரன் கிடக்கிறான் என்று தெரியாததால் எமில்ராஜ் வேண்டாம் என்றார்.

யூதாசாக நடிக்கிற கனிசியஸ் விடவில்லை. "என்னண்ணை, இயேசுவானவுடனை எங்கடை பானை நாறுதோ?"

"இல்லையடா. கொஞ்சச் சாமானை விட்டிருக்கிறன்."

"எதை?"

"வெங்காயம். உள்ளி. பால்தேத்தண்ணி."

கூழ் துழாவிக்கொண்டிருந்த சிசிலியா அகப்பையை நிறுத்தினார். "தவக்காலத்துக்கோ தம்பி?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கனிசியஸுக்கு இயேசுவின் வசனமும் பாடம். வயிற்றுக் கோளாறு என்று தெரிந்தால் அடுத்த ஒத்திகைக்குள் அங்கி கைமாறிவிடும்.

"ஓமக்கா" என்றார் எமில்ராஜ்.

[இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தில் சந்தேகம் வந்தது. இயேசுவாக நடிக்கப்போகிறவர் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்வாரா? பெர்னடெட்டிடம் கேட்டேன். "கக்கூசுக்குப் போறன் எண்டு சொல்ல வெக்கப்படுற ஆம்பிளை வேறை என்னத்தைச் சொல்லுவான்?" என்றார். பொய்யை அப்படியே விட்டேன்.]

4

கதை பரவியது. தவக்காலத்தில் ஆட்கள் இறைச்சியை விடுவார்கள். சிலர் சாராயத்தை விடுவார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை தவிர. வெங்காயத்தை விட்ட மனிதரை அந்தப் பங்கில் யாரும் கண்டதில்லை. ஓட்டோவில் ஏறுகிற பெண்கள் மகளின் விசாவுக்கு மன்றாடச் சொன்னார்கள். பாதர் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் புகழ்ந்தார். எல்லாரும் திரும்பி எமில்ராஜைப் பார்த்தார்கள். அவரும் முகத்தைக் கொஞ்சம் சாந்தமாக வைத்துக்கொண்டார். பழகிவிட்டால் அதுவும் சுகம்தான்.

"புனிதரே, குப்பை வாளியைக் கொண்டுபோய் வெளியிலை வையுங்கோ" என்றார் பெர்னடெட்.

5

பெரிய வெள்ளி மத்தியானம். கோயில் வளவில் கஞ்சி. பின்னேரம் நாடகம்.

பாதர் மைக்கைப் பிடித்தார். "முதல் கிண்ணம், தவக்காலம் முழுக்க நாவை அடக்கின எங்கடை எமிலுக்கு."

சிசிலியா கிண்ணத்தை நீட்டினார். தேங்காய்ப்பால், பயறு, உள்ளி. "உமக்கெண்டு அடியிலை இருந்து அள்ளினனான் தம்பி. தவக்காலம் நேற்றோடை முடிஞ்சுதெண்டு பாதர் சொன்னவர், உள்ளி கூடப் போட்டது. பெலம் வேணுமெல்லோ, பின்னேரம் தொங்கிறதுக்கு."

(நாடகத்தில் எமில்ராஜ் சொல்லவேண்டிய 'இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும்' என்ற வசனத்திலும் ஒரு கிண்ணம் வருகிறது. அதை இங்கே கோத்தால் அழகாக இருக்கும். அதனாலேயே செய்யமாட்டேன்.)

கனிசியஸ் பக்கத்தில் வந்து நின்றான். "குடியுங்கோவன் அண்ணை. ஏன் கிண்ணத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

அவனுக்கு ஏதோ விளங்கியிருந்தது.

6

முடிவுகள்.

அ. குடிக்கிறார். சிலுவையில் பாதி நேரத்தில் வயிறு முறுக்குகிறது. கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறார். என்ன நடிப்பு என்று சனம் விம்முகிறது. [பெர்னடெட் வாசித்துவிட்டுச் சொன்னது: "உதைப் போட்டா எங்கடை வீட்டுப் பக்கம் வராதையுங்கோ."]

ஆ. "நான் தகுதியில்லை பாதர்" என்று கிண்ணத்தைக் கனிசியஸிடம் கொடுக்கிறார். நல்ல தந்திரம். புனிதம் இன்னும் ஒரு முழம் வளரும். ஆனால் ஈஸ்டர் முடிந்த பிறகும் சிசிலியா அவருக்கு வெங்காயம் தரமாட்டார், டாக்குத்தர் சொன்னாலும்.

இ. மைக்கில் சொல்கிறார்: "பாதர், இது தவமில்லை. எனக்கு வயித்துக் கோளாறு." வளவு சிரிக்கிறது. அங்கி போகலாம், போகாமலும் விடலாம். சிரித்து முடிந்த பிறகு இரண்டொருவர் ஒதுக்கமாக வந்து டாக்குத்தரின் பெயர் கேட்கிறார்கள். [கடைசி வசனம் என்னை நல்ல மனிதராகக் காட்டுகிறது. வெட்டினேன். பிறகு திரும்ப ஒட்டினேன், ஏனென்றால் உண்மையிலேயே கேட்பார்கள்.]

என்ன நடந்தது என்று எமில்ராஜிடமே கேட்டேன். "அதையும் நானே சொன்னா நீங்கள் என்னத்துக்கு?" என்றார்.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். கிண்ணம் சுடுகிறது. சிசிலியா சிரிக்கிறார். பாதர் மைக்கை எமில்ராஜின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவருகிறார். எமில்ராஜ் வாயைத் திறந்துவிட்டார். குடிப்பதற்கும் திறக்கத்தான் வேண்டும், சொல்வதற்கும் திறக்கத்தான் வேண்டும். அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வயிற்றைக் கேட்டு நீங்கள் எழுதுங்கள்.