இரண்டாம் தரம் யாரும் கேட்காத காப்புறுதி

1

இந்தக் கதை எனக்கு ஒரு தேநீர்க் கோப்பையோடு வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2005 டிசம்பரில், பிராங்பேர்ட்டில் தமிழ்த் திருப்பலி முடிந்து, கோயில் மண்டபத்தில் நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கொறற்றி என்ற இளம்பெண் நிறைமாத வயிற்றோடு வந்தாள்.

"பிள்ளை, தேத்தண்ணி குடியுமன்."

"ஓம் அக்கா, தாங்கோ. சீனி வேண்டாம். வடை ரெண்டு வையுங்கோ."

திகைத்துப்போனேன். நம்மவர்கள் யாரும் முதல் தரத்தில் ஓம் என்பதில்லை. "வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்போம். கேட்டவர் விடமாட்டார். மூன்றாம் தரத்தில்தான் கோப்பை கைமாறும். என் முகத்தைப் பார்த்துக் கொறற்றி சிரித்தாள்.

"அந்தப் பழக்கத்தை விட்டிட்டன் அக்கா. அதால பட்ட பாடு காணும்."

பிறகு அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். வடைகளின் எண்ணிக்கையை மாற்றவில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[பீரங்கிகள் பனியில் உறைந்து நின்ற அந்த அதிகாலையில், தியாகுவின் இதயம்

நிறுத்திவிட்டேன். கொறற்றியின் கணவன் தியாகு பீரங்கிக்குக் கிட்டவும் போனதில்லை. படைக் களஞ்சியத்தில் சப்பாத்துக்கும் போர்வைக்கும் பொறுப்பாக இருந்தவன்.

சரி, நேராகவே சொல்கிறேன். தியாகு சிறுவயதில் அமெரிக்காவுக்குப் போய், அந்நாட்டுப் படையில் சேர்ந்து, பிராங்பேர்ட்டுக்கு அருகிலிருந்த முகாமுக்கு மாற்றலாகி வந்தவன். குருநகரிலிருந்து கொறற்றியைக் கலியாணம் முடித்துக் கூட்டிவந்தான். ஒப்பந்தம் முடிந்ததும் படையை விட்டான். விமான நிலையத்தில் புது வேலை ஜனவரியில்தான். ஜெர்மன் காப்புறுதி அந்த வேலையோடுதான் வரும். படையின் மருத்துவ வசதியோ ஓகஸ்ட் முடிவோடு நின்றுவிடும். பிள்ளை பிறக்க வேண்டியது டிசம்பர் கடைசியில்.

இப்படியானவர்களுக்கென்றே ஓர் இடைக்காலக் காப்புறுதி உண்டு. படையை விட்டுப் போகிறவர்கள் கட்டணம் கட்டி எடுக்கலாம். ஆனால் பழைய வசதி நின்று இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு கிடையாது.

3

தியாகு களஞ்சியத்தை ஒப்படைத்துக்கொண்டிருந்தான். அதனால் அவன் கையெழுத்து வைத்த தாள்களோடு கொறற்றிதான் முகாம் அலுவலகத்துக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் ஹெல்கா என்ற ஜெர்மன் பெண்மணி. [அவர் ஆங்கிலத்தில் பேசினார். கொறற்றி எனக்குச் சொன்ன தமிழிலேயே தருகிறேன்.]

"இடைக்காலக் காப்புறுதியும் வேணுமோ?"

"இல்லை, பரவாயில்லை."

"சரி. சுகமாப் போட்டு வாங்கோ."

கொறற்றி வெளியே வந்து கதிரையில் உட்கார்ந்தாள். எப்படியும் கூப்பிட்டு இன்னொருக்கால் கேட்பார் என்று காத்திருந்தாள்.*

* இங்கே நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் ஹெல்காவில் குற்றமில்லை. வேண்டாம் என்றவரை வற்புறுத்துவது அவர் ஊரில் மரியாதைக் குறைவு. வற்புறுத்தாமல் விடுவது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. இரண்டு மரியாதைகளுக்கும் நடுவில் பிறக்காத ஒரு பிள்ளை காப்புறுதி இல்லாமல் கிடந்தது.

"எல்லாம் முடிஞ்சுதோ?" என்று தியாகு கேட்டபோது ஓம் என்றுவிட்டாள். எப்படியும் அழைப்பு வரும் என்ற நம்பிக்கை. ஒக்டோபர் கடைசியில் மருத்துவர், இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெற வேண்டும், காப்புறுதி அட்டையைக் கொண்டுவாருங்கள் என்றார்.

"நீர் எழுதிக் குடுக்கேல்லையோ?" அட்டை இல்லையென்று அவள் சொன்னதும் தியாகு கேட்டான்.

"அவ ஒருக்காத்தானே கேட்டவ."

"ஒருக்காக் கேட்டால் காணாதோ?"

"உடன ஓமெண்டால் ஆசை பிடிச்ச பறக்காவெட்டி எண்டெல்லோ நினைப்பா!"

"ஐயோ கொறற்றி, அது காப்புறுதியப்பா, கொழுக்கட்டையில்லை!"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. அடுத்த நாள்தான் தவணையின் கடைசி நாள். தான் போவதாகத் தியாகு சொன்னான்.

"வேண்டாமெண்டது நான். நானே போய்க் கேக்கிறன்" என்றாள் கொறற்றி.

4

பேருந்து தாமதமாகி, அலுவலகம் பூட்டும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். ஹெல்கா மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன உதவி வேணும்?"

ஒருமுறை வேண்டாமென்று தள்ளியதை இப்போது கேட்பதா? வெட்கமாகப் போய்விட்டது. வாய் தன்பாட்டில் சொன்னது:

"ஒண்டுமில்லை."

இந்த இடத்தில் என் பேனா நின்றது. முதலில் எழுதிய முடிவில் ஹெல்கா அந்த வயிற்றைப் பார்க்கிறார். "சும்மா இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டீங்கள். சொல்லுங்கோ" என்கிறார். என் கணவர் இரத்தினத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

"நீர் எழுதினால் உலகத்தில எல்லாரும் நல்லவை."

"ஏன், இருக்கக் கூடாதோ?"

"இருக்கட்டும். ஆனால் அவளுக்கு வாயில்லையோ? அவளே கேக்கட்டுமன்."

அதையும் எழுதிப்பார்த்தேன். கொறற்றி கதவுவரை போகிறாள், திரும்பி வந்து, "எனக்கு அது வேணும்" என்கிறாள். [அவள் குரலில் ஒரு புதிய

இல்லை, வெறும் குரலே போதும். இந்த முடிவும் எனக்குப் பிடித்திருக்கிறது. யார் முதலில் வாய் திறந்திருந்தாலும், ஆண்டவர் அந்த மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தார் என்றே நம்புகிறேன். இரத்தினம் இதையும் வெட்டச் சொன்னார். வெட்டவில்லை.

5

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். கொறற்றி சொன்னாள். மண்டபத்தில் நிம்மதியாகச் சிரித்தவளை நீங்களும் பார்த்தீர்கள். ஆகவே பயப்பட வேண்டாம்.

ஆனால் முடிவை நான் எழுதப்போவதில்லை. ஹெல்காவின் கதிரையில் உங்களை உட்கார்த்துகிறேன். வீட்டுக்குப் போகும் நேரம். மேலங்கியில் ஒரு கையை நுழைத்துவிட்டீர்கள். கணினியை இன்னும் அணைக்கவில்லை. எதிரே ஒரு கர்ப்பிணிப் பெண் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, போகாமல் நிற்கிறாள்.