நடந்து வந்த மனை

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒரு சொல்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லப்படவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் ராஸ் அல் கைமாவுக்கே போய் விசாரித்துக்கொள்ளலாம். உபைதைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லாதவர்கள் ஊருக்குப் புதியவர்கள். நரைத்த தாடியின் மேல் ஆணையாக, நடந்தது இதுதான்.

உபைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மலைபோன்ற கப்பல்களைச் சின்னப் படகால் இழுத்துக் கரை சேர்த்தே வாழ்நாளைக் கழித்திருந்தார். அவருடைய மனைவி ஷம்சாவுக்கு, அப்பாவின் ஈச்சந்தோட்டத்தைப் புதுச் சாலைக்காக அரசாங்கம் எடுத்துக்கொண்ட வகையில் ஒரு பங்குப் பணம் வந்தது. அதை எந்த இடத்தில் போடுவது என்பதுதான் வீட்டில் பேச்சு.

வீட்டில் மட்டுமல்ல, அந்த வருஷம் ஊருக்கே வேறு பேச்சு இல்லை. மீன் சந்தையில் ஹமூர் என்ன விலை என்று கேட்டால் கடலோரத்தில் சதுர அடி என்ன விலை என்று பதில் வந்தது. பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன உபைதிடம், வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு மருத்துவர், "தெற்குப் பக்கம் மட்டும் வாங்கிடாதீங்க" என்றார். வாய் திறந்திருந்ததால் ஏன் என்று கேட்க முடியவில்லை.

ஷம்சாவுக்கு எந்தத் திசையானாலும் சரிதான். "எங்க வேணா வாங்குங்க, அபூ ஹாரிப்" என்றாள். மூத்த மகன் ஹாரிப் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு. மௌஸா அக்கா வீட்டுல கஹ்வாக் காப்பி போட்டா, அது நம்ம வாசலுக்குச் சூடா வந்து சேரணும்."

"பிளாஸ்க்ல ஊத்திக் குடுத்தா மஸ்கட் வரைக்கும் சூடா இருக்குமே."

"பித்தளைக் கெண்டியில. கையில தூக்கி, நடந்து வரணும். ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள பாத்து முடிங்க. இல்லாட்டி தம்பி மத்தர் சொல்ற அடுக்குமாடியில போட்டுருவேன். இருபத்தேழாவது மாடியாம். கஹ்வா வராட்டி காத்தாவது வரட்டும்."

உபைத் தண்ணீர் மட்டத்திலேயே வாழ்ந்த மனிதர். சமையலறை முக்காலியில் ஏறி ஏலக்காய் டப்பாவை எடுத்தாலே தலை சுற்றும். ஆனால் ஷம்சாவின் கூடப்பிறந்த அக்கா மௌஸா இருந்தது ஊருக்கு நடுவே, பழைய தெருவில். அங்கே ஒரு மனை வாங்க வேண்டுமென்றால் ஷம்சாவின் அப்பா இன்னும் நாலு தோட்டம் விட்டுப் போயிருக்க வேண்டும்.

மத்தர் விடவில்லை. மச்சானை வண்டியில் ஏற்றிக்கொண்டு விற்பனை அலுவலகத்துக்குப் போனான். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கெரியும் பொம்மைக் கட்டடம் ஒன்று இருந்தது. நதீன் என்ற லெபனான் பெண், ஒரு குச்சியால் தொட்டுக் காட்டினாள்.

"இதுதான் உங்க பால்கனி, ஹாஜி."

"நிஜக் கட்டடம் எங்கம்மா இருக்கு?"

அவள் ஜன்னல் திரையை விலக்கினாள். வெளியே கடல் இருந்தது.

"கடல்தானே தெரியுது?"

"அங்கதான் ஹாஜி தீவு வரப்போகுது. தீவு வந்ததும் அதுமேல கட்டடம்."

"அந்த எடம் நாலு பாகம் ஆழமாச்சே. நானே அங்க நங்கூரம் போட்டிருக்கேன்."

"அப்ப உங்களுக்கு இடம் நல்லாவே பழக்கம்!" என்று நதீன் சந்தோஷப்பட்டாள். "பாதிக்கு மேல வித்துப் போச்சு, சீக்கிரம் சொல்லுங்க."

"யாரு, மீனுங்களா வாங்குது?"

மத்தர் காதோடு சொன்னான். "மானத்த வாங்காதீங்க மச்சான். இந்தக் காலத்துல இடம் இருக்கானு பாக்கக் கூடாது. இடம் வருமானு பாக்கணும்."

அவன் வாயிலிருந்து உருப்படியாக வந்த ஒரே வாக்கியம் அதுதான். உபைத் அதைப் பிடித்துக்கொண்டார். இடம் வரும் என்றால், அது கடலுக்குள்ளிருந்துதான் வரவேண்டும் என்று என்ன கட்டாயம்?

மறுநாள் லாரிகள் போகும் சாலையில், நகராட்சி வண்டி ஒன்று மணலை அள்ளி ஓரத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஒரு பட்டாணியர். உபைத் வண்டியை நிறுத்தினார்.

"தினமும் இதே வேலையா, பாய்?"

"நேத்து தள்ளினேன், இன்னிக்கு மறுபடி வந்து நிக்குது. பிடிவாதம் புடிச்ச மணல்."

"எங்க போகப் பாக்குது?"

பட்டாணியர் கொஞ்சம் யோசித்தார். "ஊருக்குள்ளதான் போல."

அன்றிலிருந்து குளிர்காலம் முழுவதும் உபைத், ஒட்டகம் வாங்குகிறவர் நடையைப் பார்ப்பதுபோல மணல்மேடுகளைப் பார்த்து வந்தார். சிலது சோம்பேறி, இருந்த இடத்தை விட்டு அசையாது. ஒன்று இடது பக்கம் நொண்டியது. ஒன்று பாதி தூரம் வந்து மனம் மாறித் திரும்பிப் போய்விட்டது. கடைசியில், பிறை போல இரண்டு கொம்பும், நல்ல அகலமான முதுகும் கொண்ட ஓர் இளசு கிடைத்தது. நெற்றியை ஊர்ப்பக்கமாக வைத்துக்கொண்டு நின்றது.

அது நின்ற பொட்டலை வாங்கப் போனபோது, நிலப்பதிவு அலுவலகத்தில் எழுத்தருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அந்தப் பொட்டல்ல போயி என்ன பண்ணப் போறீங்க, பெரியவரே? ஆடு கூட நிக்காது."

"நானும்தான் நிக்கப் போறதில்ல. மனையோட, அதுமேல இருக்கிறதெல்லாம் சேத்து எனக்குத்தானே?"

"அதுமேல மணலு மட்டும்தான் இருக்கு."

"அதத்தான் கேட்டேன்."

கையில் இருந்த பணத்தில் ஒரு சின்னத் துண்டுதான் அதற்குத் தேவைப்பட்டது. மீதியை ஷம்சா தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "பெருநாள் வரைக்கும்தான்" என்று மறுபடியும் சொன்னாள்.

உபைத் மேட்டின் உச்சியில் ஒரு மரக் குடிலை ஏற்றி வைத்தார். காலடியில் மணல் இருந்ததால் தலை சுற்றவில்லை. பழக்கமான வேலைதான்: பெரியதை இழுக்கக் கூடாது, திருப்பிவிட வேண்டும். வலப்புறம் போக வேண்டுமானால் இடப்புறம் ஈச்ச ஓலைத் தட்டியை நட்டார். காற்று தட்டியில் முட்டி மறுபக்கமாக மணலை வாரிக்கொண்டு போனது. ஒட்டகப் பந்தயத் திடலை ஒட்டி வந்தபோது இரண்டு ஒட்டகங்கள் மேட்டோடு போட்டி போட்டு, வெட்கப்பட்டு நின்றுவிட்டன. சாலைச் சந்திப்பில் லாரிகளுக்கு வழிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் சாலை காலியானதும் மேடு தாண்டியது.

தாண்டிய பிறகு போலீஸ் வண்டி வந்தது.

"என்ன இது?"

"மணல்."

"யாருது?"

"என்னோடது."

"எங்க போகுது?"

"மைனி வீட்டுக்கு."

இளம் போலீஸ்காரர் தன் மாமியாரை நினைத்திருக்க வேண்டும். "பாத்து மெதுவாப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

சேதி மத்தருக்கு எட்டியது. அவன் சிரித்தான், பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய் மேட்டின் திசையைப் பார்த்தான், பிறகு சிரிக்கவில்லை. மௌஸா அக்கா வீட்டுக்கு எதிரே காலி மனை ஒன்று கிடந்தது. மேடு அங்கேதான் வந்து நிற்கும், மச்சானுக்கு வேறு வழியிருக்காது, சொன்ன விலைக்கு வாங்கித்தான் தீர வேண்டும் என்று கணக்குப் போட்டான். வங்கியில் கடன் வாங்கி, விற்றவன் சொன்ன விலையைக் கொடுத்து மனையைப் பிடித்துப் போட்டான்.

பெருநாளுக்கு முந்தைய வாரம் பெருங்காற்று எழுந்தது. உபைத் தலைப்பாகையை முகத்தில் சுற்றிக்கொண்டு உச்சியில் உட்கார்ந்திருந்தார். பிற்பகல் அஸர் பாங்கு சொன்னபோது மேடு தெருமுனையில் இருந்தது. அந்தி மஃரிபு பாங்குக்கு எதிர் மனையில் இருந்தது. குடிலின் கதவு மௌஸா அக்காவின் வாசலைப் பார்த்து நின்றது. மசூதிக்குப் போனவர்கள் தும்மிக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள்.

மறுநாள் காலையில் மத்தர் வந்தான்.

"இது என் மனை, மச்சான். உங்க மணல எடுங்க."

"இது என் மணல், மாப்ளே. அடியிலருந்து உன் மனைய எடு."

"வெளையாடாதீங்க. வங்கிக்கு நான் பதில் சொல்லணும். பேசாம வாங்கிக்கிறீங்களா? ரெண்டு மடங்கு சொல்றேன், உங்களுக்காக ஒண்ணேமுக்கால்."

"எதுக்கு வாங்கணும்? எனக்கு மேல சௌரியமாத்தான் இருக்கு. நீ வேற யாருக்காவது வித்துக்க. வந்து பாக்கறவங்களுக்கு நானே மேல பாய் விரிச்சு வைக்கிறேன்."

மத்தர் மேட்டை அண்ணாந்து பார்த்தான். வேறு யார் வாங்குவார்கள் என்று அவனுக்கே தெரிந்தது.

"தீவ வேணா வாங்கிக்கயேன்" என்றார் உபைத். "அது இன்னும் வரல. சண்டைக்கு யாரும் வரமாட்டாங்க."

இந்தப் பேச்சு எதுவும் ஷம்சா காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஏறி, குடில் வாசலில் உட்கார்ந்தாள். "அக்கா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். மௌஸா அக்கா கெண்டியும் கிண்ணமுமாகத் தன் வாசலிலிருந்து கிளம்பினாள். தெருவைக் கடந்தாள். கனத்த உடம்பு, மேட்டில் இரண்டு அடி ஏறினால் ஓரடி சறுக்கியது. பாதியில் மூச்சு வாங்க நின்றாள்.

உபைதுக்கு இருபத்தேழு மாடிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணுக்குள் எழும்பின.

"நிக்காதீங்க, மைனி! ஆறிடும்!"

"ஏம்பா, மைனியப் பாக்க இம்புட்டு தூரம் மலையே கட்டி இழுத்துட்டு வந்தவரு, படி ரெண்டு கட்டக் கூடாதா?" என்றாள் மௌஸா. திட்டிக்கொண்டே ஏறி வந்து சேர்ந்தாள்.

கெண்டியிலிருந்து கிண்ணத்தில் ஊற்றினாள். குங்குமப்பூ மணந்தது. ஷம்சா உதட்டில் வைத்தாள். குடித்து முடித்தாள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். உபைத் அவளுடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தரும் கீழேயிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணிக்கட்டு ஆடவில்லை. ஷம்சா கிண்ணத்தை அப்படியே நீட்டினாள். மௌஸா மறுபடி ஊற்றினாள்.

இரண்டாவதையும் குடித்துவிட்டு ஷம்சா கீழே எட்டிப் பார்த்தாள். "தம்பி, மண்ணுக்கு அடியில இருக்கிற மனைக்கு என்ன விலை?"

மத்தர் தலையைக் குனிந்துகொண்டு, தான் வாங்கின விலையைச் சொன்னான்.

"அது மணல் இல்லாதப்போ வாங்கினது."

அவன் பாதியாகக் குறைத்தான். ஷம்சா மூன்றாவது கிண்ணத்துக்குக் கையை நீட்டினாள். அவன் இன்னும் குறைத்தான். இரும்புப் பெட்டியில் இருந்த பணத்துக்குள் விலை வந்து நின்றபோது ஷம்சா இடுப்பிலிருந்து சாவியை உருவி உபைதிடம் கொடுத்தாள். அந்த வருஷம் ஊரில் வாங்கினவர்களில் அதைவிட மலிவாக வாங்கினவர் யாரும் இல்லை. பெருநாள் பிரியாணியை அந்த மேட்டின் மேலேயே சாப்பிட்டார்கள். மத்தரும் வந்து இரண்டு தட்டு சாப்பிட்டான்.

ராஸ் அல் கைமாவில் மணலை நகர்த்துகிற காற்று, கடலிலிருந்து ஊரைத் தாண்டிப் பாலைவனத்தை நோக்கி வீசுவது.