கோகுலனுக்குக் கேட்காத பாட்டு

ஜெயரூபி மண்டபத்துக்கு வந்து ஒரு மணித்தியாலம் ஆவதற்குள், டிஜே பெடியன் எங்கே என்று மூன்று பேர் அவளிடமே கேட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆள் மாப்பிள்ளையின் சித்தப்பா. "நான்தான் அங்கிள் டிஜே," என்றாள். அவர் அவளையும் லப்டொப்பையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அப்ப பெடியன் பிறகு வருவானோ?" என்றார். இப்படியானவர்களுக்குப் பதில் சொல்லி வாயை வீணாக்குவதில்லை என்று அவள் எப்போதோ முடிவெடுத்திருந்தாள்.

புதுக்குடியிருப்பிலிருந்து கிளிநொச்சிக்குச் சாமான்களை ஓட்டோவில் கட்டிக்கொண்டு வருகிறவளுக்குச் சில விஷயங்கள் அடிபட்டுத்தான் தெரிந்திருந்தன. முதல்நாளே லப்டொப்பின் அப்டேட்டை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் பொம்பிளை மாப்பிள்ளை வாசலுக்கு வரும் நேரம் பார்த்து அது தன் வேலையைத் தொடங்கும். பாட்டெல்லாம் கையோடு ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். சார்ஜர் வயரை நிலத்தோடு டேப் போட்டு ஒட்ட வேண்டும், ஏனென்றால் ஊரிலுள்ள மாமாமார் அத்தனை பேரின் காலும் அந்த ஒரு வயரைத்தான் தேடி வரும். விருந்தாளி நீட்டுகிற பென்டிரைவைத் தொடவே கூடாது. இத்தனையும் செய்திருந்தாள். இனி ஒன்றும் பிழையாகப் போகாது என்று நினைத்தாள் பாருங்கள், அங்கேதான் பிழை வந்தது.

பொம்பிளையின் தாய் சிவனேஸ்வரி காலையிலேயே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, கோகுலன் பாக்கவேணும். அவன் பாக்கேல்லை எண்டால் எனக்கு இந்தக் கலியாணம் நடந்த மாதிரியே இராது."

கோகுலன் பொம்பிளை யதுர்ஷிகாவின் ஒரே அண்ணன். பிரான்சில் ஒன்பது வருடம். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. தங்கச்சியின் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டியவன், போனில் லைவ் பார்க்கக் காத்திருந்தான்.

லைவ் பொறுப்பு கமராக்காரப் பெடியன் விதுசனுடையது. சொந்தத்தில் நடந்த போன கலியாணத்தில் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது என்று கோகுலன் சொன்னதால், இந்த முறை ஜெயரூபியின் மிக்சரிலிருந்தே நேராக ஒரு வயர் இழுத்திருந்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அது. சத்தம் கண்ணாடிபோலப் போனது. அந்த லைவ் தளத்துக்கு அதுவே போதுமாயிருந்தது. சினிமாப் பாட்டு, உரிமை வேறு ஆளுடையது என்று கண்டுபிடித்து இரண்டாவது பாட்டிலேயே ஒளிபரப்பை வெட்டிவிட்டது.

சிவனேஸ்வரி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "நிண்டுட்டுதாம் பிள்ளை."

விதுசன் புது லிங்க் போட்டான். நாலு நிமிடம் ஓடியது. மறுபடி வெட்டு.

"உங்கட பாட்டுத்தான் வெட்டுது அக்கா," என்றான்.

"அதுக்கு? கலியாண வீட்டிலை தேவாரமோ போடுறது? உன்ர வயரைக் கழட்டு."

"கழட்டினாலும் கமராவின்ர மைக்குக்குக் கேக்கும்தானே. இன்னொருக்கா வெட்டினால் இண்டைக்கு எக்கவுண்டைத் திறக்க விடாது."

ஜெயரூபிக்கு மண்டை காய்ந்தது. பொம்பிளை மாப்பிள்ளை வர இன்னும் பத்து நிமிடம். அந்த வருகைக்காக இரண்டு கிழமை இருந்து ஒரு பாட்டை வெட்டி ஒட்டி, நடுவில் பறையடி சேர்த்து வைத்திருந்தாள். மச்சாள்மார் எட்டுப் பேர் அதற்கு ஒரு மாதம் ஆடிப் பழகியிருந்தார்கள். வாசல் பக்கம் நின்ற சிவனேஸ்வரியைப் பார்த்தாள். அவர் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். ஜெயரூபி தன்னையே திட்டிக்கொண்டு பாட்டை நிறுத்தினாள். தானே அடித்துப் பதிந்த வெறும் பறையடியை மட்டும் போட்டாள்.

பொம்பிளை மாப்பிள்ளை அதற்கே வந்தார்கள். மச்சாள்மார் எந்த இடத்தில் கையைத் தூக்குவது என்று தெரியாமல் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். இந்த முறை கூடம் உண்மையிலேயே கோணல்தான். "பாட்டுத் தெரியாதவையை ஏன் பிடிக்கிறியள்?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா அவளுக்குக் கேட்கத்தக்கதாகவே சொன்னார். அவள் திரும்பி விதுசனின் திரையைப் பார்த்தாள். லைவ் வெட்டுப்படவில்லை. கோகுலன் பார்த்துவிட்டான், அது போதும்.

சனம் சாப்பாட்டுக்கு எழும்பும்போது சிவனேஸ்வரி போனைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. "அவன் உம்மோடை கதைக்கவேணுமாம்."

"தங்கச்சி, ஏன் அந்தப் பாட்டைப் போடேல்லை?" என்றது கோகுலனின் குரல்.

"போட்டிருந்தால் நீங்கள் ஒண்டும் பாத்திருக்க மாட்டீங்கள் அண்ணா. லைவை வெட்டியிருப்பாங்கள்."

"நான் பாக்கிறதுக்கு இருக்கேல்லை. ஆடுறதுக்கு எழும்பி நிண்டனான்."

மச்சாள்மார் பழகும் வீடியோ குடும்பக் குழுவில் வந்திருந்ததாம். வேலை முடிந்து வந்து, ஒரு மாதமாக அறையில் தனியே ஆடிப் பழகியிருக்கிறான். தங்கச்சி வரும் அதே நேரம் இவனும் அங்கே ஆடுவதாக நினைப்பு. ஒருவருக்கும் சொல்லவில்லை.

"உந்த விசயத்தை முதலே வாய் திறந்து சொல்லியிருக்கலாமெல்லே?" என்று ஜெயரூபி எரிந்து விழுந்தாள். எரிந்து விழுந்த பிறகுதான், தன் மேலேயே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. சாதாரண வீடியோ கோலை எவனும் வெட்டுவதில்லை. இருநூறு சொந்தக்காரருக்கு லைவ் போட அலைந்து திரிந்தவர்கள், அந்த ஒருத்தனுக்கு ஒரு கோல் எடுக்க யோசிக்கவில்லை. அவளும்தான் யோசிக்கவில்லை.

"விது, உன்ர லைவை நிப்பாட்டு," என்றாள். மைக்கை எடுத்தாள். "பொம்பிளையும் மாப்பிள்ளையும் தயவுசெய்து இன்னொருக்கா வெளியிலை போய் வாங்கோ. மச்சாள்மாரும்."

"சோறு ஆறுது," என்றார் சித்தப்பா.

"ஆறட்டும் அங்கிள்," என்றாள் மைக்கிலேயே.

சிவனேஸ்வரி வீடியோ கோல் எடுத்து, வாசலுக்கு நேரே போனை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். திரையில் கோகுலன், மச்சாள்மார் உடுத்திருந்த அதே கத்தரிப்பூ நிறத்தில் சேர்ட் போட்டு, கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றான். ஜெயரூபி பாட்டைத் தொடக்கினாள். மச்சாள்மார் எல்லோரும் வலப்பக்கம் போனார்கள். கோகுலன் இடப்பக்கம் போனான். வீடியோவில் எதிரே நின்று ஆடியவர்களைப் பார்த்துப் பழகியவனுக்கு எல்லாமே பக்கம் மாறியிருந்தது. அவன் அது தெரியாமல், ஒரு அடியும் பிசகாமல், முழு ஆட்டத்தையும் பிழையான பக்கத்துக்கு ஆடினான்.

யதுர்ஷிகா போனைப் பார்த்தாள். கூறைச் சேலையைக் கையில் அள்ளிக்கொண்டு, மாப்பிள்ளையையும் எட்டு மச்சாள்மாரையும் வலப்பக்கத்தில் விட்டுவிட்டு, அவள் மட்டும் அண்ணனோடு இடப்பக்கம் ஆடினாள்.