தந்தை பெயர்: அரங்கநாதன்

எங்கள் ஊரில் பயோடேட்டாவின் அடியில், 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டால், மறுநாள் காலை ஆறு மணிக்கு அவை உண்மையாகிவிடும். அதனால் நாங்கள் யோசித்துத்தான் எழுதுவோம். எதிர்வீட்டு வனஜா பத்து வருட அனுபவம் என்று போட்டுவிட்டு, பத்து வயது கூடி எழுந்தாள். பொழுதுபோக்கு நீச்சல் என்று எழுதிய தபால்காரர் மகன், வேலை கிடைத்து மூன்று வருடமாகியும் தினமும் கல்குவாரிக் குட்டையில் இறங்குகிறான். காய்ச்சலிலும் இறங்குகிறான்.

நான் பயந்த சுபாவம். என் பயோடேட்டாவில் பெயர், தந்தை பெயர், படிப்பு, 'கடின உழைப்பாளி' இவ்வளவுதான் இருந்தன. அந்தக் கடைசி வார்த்தையால், வேலையே இல்லாமல் தினமும் சாயங்காலம் இடுப்பு ஒடிந்து படுத்தேன். நாற்பத்தாறு இடங்களுக்கு அனுப்பினேன். ஓர் இடத்திலிருந்தும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடவில்லை. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பா பெயர் தருமலிங்கம். லாரி ஆபீஸில் புக்கிங் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர்.

"டேய் தணி, அந்தப் பேப்பரை ஜெசிந்தாகிட்ட கொண்டுபோய்க் காமிடா," என்று அவர்தான் சொன்னார்.

ஜெசிந்தா அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் கைபட்ட பயோடேட்டா வீண்போகாது என்று பெயர். என்னுடையதை ஒரு பார்வை பார்த்தார்.

"கடின உழைப்பாளின்னா யாருக்கு என்ன தெரியும்? என்ன செஞ்ச, எவ்வளவு செஞ்ச, அதச் சொல்லு. அவன் ஒரு பேப்பருக்குப் பத்து நொடிதான் குடுப்பான். அதுக்குள்ள அவன் கண்ணுல படணும்."

நான் முன்பு வேலை பார்த்த கிடங்கைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். தினம் இருநூறு பெட்டி சரிபார்த்தது, தப்பான லாரியில் சரக்கு ஏறுவதைப் பாதியாகக் குறைத்தது என்று நானே மறந்துபோன விஷயங்கள் வெளியே வந்தன. விளம்பரத்தில் கேட்டிருந்த தகுதிகளைத் தேடி எடுத்து மேலே வைத்தார். எல்லாம் ஒரே பக்கத்துக்குள் அடங்கியது. புதிதாக அடித்தால் வரிசை கோணும் என்று, மூன்று இன்டர்வியூ வாங்கித் தந்த குணசீலன் என்பவருடைய ஃபைலைத் திறந்து, அதன்மேலேயே மாற்றி அடித்தார். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான். யாரும் வெற்றுத் தாளில் ஆரம்பிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்டு, கடையிலிருந்தே மெயிலில் அனுப்பினேன். அடியில் இருக்கும் சொந்த விவரங்களை யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை.

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். ரெக்சின் பையோடு ஒரு பெரியவர் நின்றார்.

"அரங்கநாதன். குணசீலனோட அப்பா. இப்ப உனக்கும்தான். காப்பியில சக்கரை கம்மியாப் போடுப்பா."

பயோடேட்டாவை எடுத்துப் பார்த்தேன். தந்தை பெயர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது. காப்பி போட்டேன்.

அப்போது அப்பா குளித்துவிட்டு வேட்டியும் துண்டுமாக வந்தார். கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

"மன்னிக்கணும் சார்," என்று என்னிடம் சொன்னார். "யார் வீடுன்னு தெரியாம உள்ள வந்துட்டேன். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

முப்பத்தொரு வருடத்தில் அப்பா என்னை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. கொடியில் கிடந்த தன் சட்டையை, வேறு யாருடையதோ என்று தொடாமல், வெளியே போய் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணிக்குப் போன் வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இன்டர்வியூ. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு கம்பெனிகள் கூப்பிட்டன.

ஓய்வுபெற்றவர்களின் பயோடேட்டாவை ஆபீஸிலேயே கிழித்துவிடுவார்கள். அதன் பிறகு அவர்கள் பிள்ளைகளின் பயோடேட்டாவில்தான் இருப்பார்கள். எதிலும் பெயர் இல்லாதவரை எங்கள் ஊர் மூன்று நாள் வைத்துக்கொள்ளும். நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு ஆள் இருக்கமாட்டார். போன வருடம் ரேஷன் கடை வரிசையில் அப்படி ஒருவர் போனார். பின்னால் நின்றவர் ஓர் அடி முன்னால் வந்தார், அவ்வளவுதான். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். வியாழக்கிழமை.

செவ்வாய்க்கிழமை கடை திறக்கும்போதே ஜெசிந்தா அக்காவிடம் போய் நின்றேன்.

"மாத்திடலாம், ஒரு நிமிஷ வேலை," என்றார். "ஆனா அவங்க கூப்பிட்டது இந்தப் பேப்பரத்தான், உன்னை இல்ல. மாத்தினா இன்டர்வியூ போயிடும்."

"மூணுமா?"

"மூணும்."

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டு வாசலுக்கு வந்தபோது, மாடிவீட்டுப் பெண் தண்ணீர் வாளியை அப்பாவின் மடியில் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே ஓர் ஆள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. அப்பா வாளி சரியாதபடி பிடித்துக்கொண்டிருந்தார். நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தபோது எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார்," என்றார்.

உள்ளே அரங்கநாதன், "உன்னைப் பத்திச் சொல்லுன்னுதான் முதல்ல கேப்பாங்க. மூணு வரியில சொல்லிப் பழகுப்பா," என்று எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் வரை அல்லாடினேன். பிறகு, இன்டர்வியூ போனால் போகட்டும் என்று கிளம்பினேன். படி காலியாக இருந்தது. ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டாரோ என்று கடைக்கு ஓடினேன்.

"இப்பத்தான் ஒரு பெரியவர் வந்துட்டுப் போறாரு," என்றார் ஜெசிந்தா அக்கா. "சொந்தபந்தம் யாருமில்லையாம். வாட்ச்மேன் வேலையாவது கிடைச்சாப் போதும்னாரு. கையெழுத்தும் போட்டாச்சு."

"யாரோட ஃபைல்ல அடிச்சீங்க?"

"உன்னோடதுலதான். இப்ப நல்லாக் கூப்பிடறது அதுக்குத்தானே. பேரை மட்டும் மாத்தினேன்."

நகலை வாங்கிப் படித்தேன். பெயர் தருமலிங்கம். தந்தை பெயர் அரங்கநாதன். பிறந்த தேதி என்னுடையது. திருமணம் ஆகவில்லை. விலாசம் எங்கள் வீடு.

"என்னோடதுல அப்பா பேரை இப்பவே மாத்திடுங்கக்கா."

"மாத்தலாம். ஆனா நாளைக்கு அவருக்கு உன் வயசு. உன் வயசுக்காரர் உனக்கு அப்பான்னா, நீ எந்த வயசுல எந்திரிப்பேன்னு என்னால சொல்ல முடியாது தணி."

கையெழுத்துப் போட எடுத்திருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஆறு மணிக்குத் தருமலிங்கம் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான். முடி கறுப்பு, என் உயரம், என் மூக்கு. அரங்கநாதன் எங்கள் இருவருக்கும் ஒரே அளவில் காப்பி ஊற்றினார். ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. அவன் டம்ளரோடு கூடத்தைச் சுற்றி வந்து, சுவரில் இருந்த போட்டோவின் முன்னால் நின்றான்.

"யாருடா இந்தப் பொண்ணு? எதுக்கு மாலை போட்டிருக்கு?"

என் அம்மா, அமிர்தவல்லி. இருபத்துநாலு வயதில், இரண்டாவது பிரசவத்தில் இறந்தவள். அவனுக்குத் திருமணம் ஆகவில்லை. ஆகவே அவளுக்கும் ஆகவில்லை. கல்யாணம் ஆகாதவளுக்குப் பிரசவம் இல்லை. பிரசவம் இல்லாதவள் சாகவும் இல்லை. மாலையைக் கழற்றிவிட்டேன்.

அரங்கநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "களையான பொண்ணு," என்று சொல்லி, போட்டோவுக்குப் பின்னால் எழுதியிருந்த ஊரையும் பெயரையும் வைத்து நாலு பேருக்குப் போன் செய்தார். அரைமணி நேரத்தில் தகவல் வந்துவிட்டது.

"வீட்டுலதான் இருக்காளாம், இருபத்துநாலு வயசு. பதினொரு மணிக்கு வரச் சொல்றாங்க. ரெட்டைல மூத்தவன் யாருடா? அவனுக்குத்தான் முதல்ல பாக்கணும்."

பயோடேட்டாவில் பிறந்த தேதிதான் இருந்தது, நேரம் இல்லை. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கக்கூட எனக்குத் துணிவில்லை. பெண்ணே பார்க்க வேண்டாம் என்றால் நான் பிறப்பதற்கு வழியில்லை.

"அவன்தான் மூத்தவன்," என்றேன்.

இன்டர்வியூவுக்கு எடுத்து வைத்திருந்த சட்டையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, கைக்குக் கிடைத்த ஒன்றை அவசரமாக மாட்டிக்கொண்டேன். பெண் வீட்டில் எங்களைப் பாயில் உட்காரவைத்தார்கள். பதினொரு மணிக்கு என் போன் அடித்தது. அணைத்துவிட்டேன்.

பெண் தட்டோடு வந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, மாற்றிப் போட்டிருந்த என் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். பிறகு போய் மாப்பிள்ளைக்குக் காப்பி கொடுத்தாள்.